குவில்ட்டுக்குள் வைக்கும் பஞ்சு: வாங்குவது முதல் அடுக்கித் தைப்பது வரை

இரண்டாம் முறை துவைத்து எடுத்ததும் குவில்ட் போர்வையின் ஒரு மூலை வெறும் துணியாகத் தொங்கும். இன்னொரு மூலையில் பஞ்சு எலுமிச்சம்பழம் அளவுக்கு முடிச்சு முடிச்சாகத் திரண்டிருக்கும். மேல்துணியை ஒட்டுப்போட்டுத் தைக்க ஒரு மாதம் உட்கார்ந்தவருக்கு அதைப் பார்த்தால் அழுகைதான் வரும். இதில் பெரும்பாலும் தையல்மேல் குற்றம் இருக்காது. உள்ளே வைத்த பஞ்சு எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் கேட்கும் என்று பார்க்காமல் வாங்கியிருப்பார்கள்.

குவில்ட் மூன்று அடுக்கு: மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க ஓடும் தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். நடு அடுக்கை அமெரிக்காவில் பேட்டிங் என்பார்கள், இங்கிலாந்தில் வாடிங். நம்மூர்க் கடையில் பேட்டிங் என்று கேட்டால் கிரிக்கெட் நினைப்புதான் வரும். வாடிங் என்றோ பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் என்றோ கேளுங்கள். தலையணைக்குள் அடைக்கும் உதிரி ரெக்ரான் பஞ்சு இதற்கு ஆகாது. நமக்கு வேண்டியது துணிபோலச் சுருட்டி, மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் விரிப்பு.

கீழே வரும் கணக்கெல்லாம் ஒரே அளவுக்குத்தான்: 60 × 84 அங்குலத்தில் ஒற்றைக் கட்டில் குவில்ட், வீட்டுத் தையல் மெஷினில் தைப்பது.

இடைவெளியை முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஒரு தையல் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடப்போகிறீர்கள்? மேல்துணியின் ஒட்டுக் கட்டங்களின் ஓரத்தை ஒட்டி மட்டும் தைப்பதாக இருந்தால் இடைவெளி 8, 10 அங்குலம்கூட வரும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு நேர்கோடு ஓட்டப்போகிறீர்கள் என்றால் பெரும்பாலான பஞ்சு தாங்கும். பஞ்சு வாங்கிய பிறகு டிசைனை யோசித்தால் இரண்டில் ஒன்று கெடும்.

ஒவ்வொரு பஞ்சும் ஒவ்வொரு இடைவெளி கேட்பதற்குக் காரணம், அதன் இழைகளை ஒன்றோடொன்று எப்படிப் பிணைத்திருக்கிறார்கள் என்பதுதான். சீவி அடுக்கியதோடு விட்ட பருத்தியில் இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தையல்தான் அவற்றைப் பிடித்து வைக்கிறது. பழைய காலத்துக் குவில்ட்களில் அரை அங்குலம், ஓரங்குலத்துக்கு ஒரு தையல் ஓடுவதை வெறும் அழகு என்று நினைக்கிறோம். அப்படித் தைக்காவிட்டால் பஞ்சு ஓடிவிடும்.

இப்போது கிடைக்கும் விரிப்புகளில் பல, ஊசியால் குத்திப் பிணைத்தவை. முள் வைத்த ஆயிரக்கணக்கான ஊசிகள் பஞ்சுக்குள் இறங்கி ஏறும்போது மேல் இழைகளைக் கீழே இழுத்துச் சிக்கவைக்கின்றன. சிலவற்றில் நடுவே கொசுவலையைவிட மெல்லிய பாலிப்ரோப்பிலீன் வலையும் வைத்துக் குத்தியிருப்பார்கள். அதற்கு ஸ்க்ரிம் என்று பெயர். வலை இருந்தால் விரிப்பு இழுபடாது, அகல இடைவெளியைத் தாங்கும். கையால் தைப்பவர்களுக்கு அந்த வலை எதிரி, ஊசி ஒவ்வொரு தடவையும் முரண்டு பிடிக்கும். பாலியெஸ்டர் விரிப்புகளில் பசை தெளித்தோ, சீக்கிரம் உருகும் இழையைக் கலந்து சூடாக்கியோ ஒட்டவைப்பார்கள்.

பெயர்பெற்ற கம்பெனிச் சரக்கில் இந்த அளவு உறையிலேயே அச்சாகியிருக்கும். வார்ம் அண்ட் நேச்சுரல் 10 அங்குலம் வரை தாங்கும். குவில்ட்டர்ஸ் ட்ரீம் காட்டன் 8 அங்குலம். ஹாப்ஸ் ஹெயர்லூம் 80/20 என்றால் 4 அங்குலம்தான். இவை உச்ச வரம்பு என்பதை மறக்க வேண்டாம். குழந்தை குவில்ட்போல வாரம் ஒருமுறை துவைக்கப்போவதற்கு இதில் பாதியை வைத்துக்கொள்வதே நல்லது.

உறையே இல்லாமல் ரோலில் வெட்டித் தரும் சரக்கு என்றால் கையே அளவுகோல். விரிப்பின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடியுங்கள். கைகளுக்கு நடுவே நான்கு விரல் இடம் இருக்கட்டும். மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். மருந்துக்கடைப் பஞ்சு உருளைபோலப் பிரிந்து வந்தால் ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கினால் 3 அங்குலம். அசையவே மறுத்தால், வெளிச்சத்தில் பிடித்து உள்ளே வலை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் 6 அங்குலம் வரை துணிந்து போகலாம். இழுக்கும் சோதனையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். ரோல் சுற்றியிருக்கும் நீளவாக்கில் விரிப்பு உறுதியாகவும், அகலவாக்கில் தளர்ந்தும் இருப்பதே வழக்கம். உறுதியான பக்கம் குவில்ட்டின் நீளத்தோடு போகும்படி வெட்ட வேண்டும். சுவரில் மாட்டும் குவில்ட்டுக்கு இது கட்டாயம். மாற்றி வைத்தால் ஆறு மாதத்தில் அடிப்பக்கம் தொப்பை போட்டுவிடும்.

எந்த இழை

சென்னை, மதுரை, திருச்சி வெயிலுக்குப் பருத்திதான். வியர்வையை உறிஞ்சும், உடம்போடு படியும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். குறை, சுருங்கும்: 3 முதல் 5 சதவீதம். ஈரமானால் கனக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் காய இரண்டு நாள் எடுக்கும். வெளுக்காத பருத்தியில் பழுப்புநிற விதைத் துணுக்குகள் தெரியும். வெள்ளை மேல்துணிக்கு அடியில் அவை புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அங்கே வெளுத்த பஞ்சை வாங்குங்கள்.

80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியெஸ்டர் கலந்தது, முதல்முறை தைப்பவருக்கு எங்கள் பரிந்துரை. எடை குறைவு, கொஞ்சம் உப்பலாக இருப்பதால் தையல் கோடுகளுக்கு நடுவே மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும், சீக்கிரம் காயும்.

முழுப் பாலியெஸ்டர் மலிவு, எங்கும் கிடைக்கும், சுருங்காது என்றே சொல்லலாம். ஏசி அறைக்குப் பரவாயில்லை, ஃபேனுக்கு அடியில் படுப்பவருக்குப் புழுங்கும். பளபளவென்று விறைப்பாக இருக்கும் தடித்த ஷீட்டைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். அது சோபாவுக்கும் ஜாக்கெட்டுக்கும் போகிற சரக்கு. வீட்டு மெஷினின் பாதத்துக்கு அடியில் நுழையவே அடம்பிடிக்கும்.

கம்பளிப் பஞ்சு எடை இல்லாமல் சூடு தரும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும், டொராண்டோ, லண்டன் பக்கம் குளிரில் இருப்பவர்களுக்கும் காசுக்கு ஏற்ற சரக்கு. மடித்த தடம் அதில் நிற்காது, கை ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். துவைப்பது குளிர்ந்த நீரில்தான். சூட்டையும் குலுக்கலையும் சேர்த்துக் கொடுத்தால் கம்பளி இறுகிப்போகும். மூங்கில் என்று விற்பது மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ். மென்மையாக இருக்கும், பருத்திபோலவே சுருங்கும்.

பானை பிடிக்கும் துணிக்கும், மைக்ரோவேவில் வைக்கும் கிண்ண உறைக்கும் பருத்தி தவிர எதையும் வைக்காதீர்கள். பாலியெஸ்டர் உருகும். வெப்பத்தைத் திருப்பும் உலோகப் பூச்சு வைத்த விரிப்பு பானைத் துணிக்கு நன்றாகவே உதவும், ஆனால் மைக்ரோவேவுக்குள் போகக் கூடாது, பொறி பறக்கும்.

கடைக்காரர் பருத்தி என்கிறார், உங்களுக்குச் சந்தேகம். ஒரு சிட்டிகை பஞ்சை இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேல் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறினதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை. சாம்பலுக்குள் மணி மணியாகவும் தட்டுப்பட்டால் கலப்பு.

எடைக் கணக்கு

நம்மூரில் பஞ்சு ஷீட்டைத் தடிமனில் சொல்லமாட்டார்கள், ஜிஎஸ்எம்மில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அது. அமெரிக்கச் சரக்கில் ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று இருக்கும். அதை 34-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 4 அவுன்ஸ் என்றால் 136.

நம் 60 × 84 அங்குலம் 3.25 சதுர மீட்டர். 100 ஜிஎஸ்எம் போட்டால் பஞ்சு மட்டும் 325 கிராம், 200 போட்டால் 650 கிராம். கடலோர ஊர்களில் 60 முதல் 100 போதும். ஏசி அறைக்கு 120, 150. மலைப்பக்கத்துக்கு 200. அதற்கு மேல் வீட்டு மெஷினில் திருப்பித் திருப்பித் தைப்பது தோள்பட்டைக்குத் தண்டனை.

சொன்ன ஜிஎஸ்எம்தானா என்று பார்க்க 50 × 50 சென்டிமீட்டர் துண்டு ஒன்றைச் சமையலறைத் தராசில் வையுங்கள். வரும் கிராமை நான்கால் பெருக்குங்கள். 100 என்று விற்றது 25 கிராம் காட்ட வேண்டும். 19 காட்டினால் உங்கள் கையில் இருப்பது 76. ஒரே ரோலில் மெலிந்த இடமும் தடித்த இடமும் இருப்பதும் உண்டு. கடையிலேயே ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் திட்டுத்திட்டாகத் தெரிந்துவிடும்.

இலவம்பஞ்சு, வீட்டுப் பஞ்சு, பழைய புடவை

போடிப் பக்கத்து இலவம்பஞ்சை மெத்தைக்குப் போடுகிறோமே, குவில்ட்டுக்குப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இலவ இழை வழுவழுப்பானது, மேலே மெழுகுப் பூச்சு உண்டு. ஒன்றையொன்று பற்றாது. தையல் துளை வழியே வெளியே வரும், துவைத்தால் திரளும், நாளாக ஆகத் தூளாகும். மெத்தை, தலையணையோடு அதன் வேலை முடிந்தது.

பருத்தியை அடித்து வாங்கி வைக்கலாம், உழைப்பு அதிகம். 150 ஜிஎஸ்எம் கணக்குக்கு அரைக் கிலோ பஞ்சு. நன்றாகச் சீவிய பஞ்சாக இருக்க வேண்டும், பழைய தலையணைக் கட்டியை அப்படியே பிய்த்துப் போடக் கூடாது. மெல்லிய மல்துணியை விரித்து, பஞ்சை நான்கு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றிப் பரப்புங்கள். மேலே இன்னொரு மல்துணி. ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கைத்தையல். ஜெய்ப்பூர் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையில் பஞ்சு நகராமல் இருப்பதும் இந்தக் கைத்தையலால்தான். இப்படிச் செய்ததைத் தண்ணீரில் போடாமல் வெயிலில் காயவைத்தே பராமரிக்க வேண்டும், மேலே கழற்றித் துவைக்கும் உறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

நம் தட்பவெப்பத்துக்குப் பஞ்சே வேண்டாம் என்பதும் நல்ல முடிவுதான். வங்காளத்துக் காந்தா போர்வையிலும், வட கன்னடத்தில் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி போர்வையிலும் பழந்துணி அடுக்குகளே உள்ளீடு. நெய்த துணி நகராது, எனவே இடைவெளிக் கவலையும் கிடையாது. ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவை 216 அங்குலம். 90 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டி, பார்டரை நீக்கிப் பக்கவாட்டில் இணைத்தால் 60 × 84-க்கு ஓர் அடுக்கு கிடைக்கும், மிச்சமும் இருக்கும். இரண்டு புடவை, இரண்டு அடுக்கு. முதல் அடுக்கின் இணைப்பும் இரண்டாவதின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஜரிகையும் ஓரக்கரையும் உள்ளே போகக் கூடாது, அவை சுருங்கும் விதமே வேறு. ஃபிளானல் துணியும் பொருந்தும். அதை இரண்டு முறை சுடுநீரில் துவைத்த பிறகே வெட்ட வேண்டும், இல்லையென்றால் உள்ளே போய்ச் சுருங்கி மேல்துணியை இழுத்துக்கொள்ளும். டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம்.

ஒரு சோதனைச் சதுரம்

முழுக் குவில்ட்டில் கை வைப்பதற்கு முன் 12 அங்குலத்தில் ஒரு சதுரம் தையுங்கள். அதே மேல்துணி, அதே பஞ்சு, அதே அடித்துணி, நினைத்திருக்கும் அதே இடைவெளி. தைத்து முடித்ததும் நடுவில் அழியாத மையால் சரியாக 10 அங்குலச் சதுரம் வரையுங்கள். வீட்டில் குவில்ட்டை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 9.6 அங்குலம் என்றால் 4 சதவீதம் சுருக்கம். நம் குவில்ட் 60 × 84-லிருந்து ஏறத்தாழ 57½ × 80½-க்கு வந்துவிடும். கட்டில் அளவுக்குச் சரியாகத் தைத்தவர்கள் இங்கேதான் தலையில் கை வைப்பார்கள்.

இந்தச் சதுரம் இன்னும் இரண்டு விஷயம் சொல்லும். துவைத்த பிறகு வரும் சுருக்க அலைகள் உங்களுக்குப் பிடிக்கிறதா? பழைய குவில்ட் தோற்றம் வேண்டும் என்பவர்கள் துணியையும் பஞ்சையும் துவைக்காமல் தைத்து, பிறகு துவைப்பது இதற்காகத்தான். அடுத்து, அடர் நிறத் துணியின் மேல் பஞ்சின் இழை வெள்ளை மயிராக எட்டிப் பார்க்கிறதா? அதைப் பற்றிக் கீழே வருகிறது.

மடிப்பு எடுப்பதும் ஊறவைப்பதும்

பொட்டலத்தில் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த பஞ்சை எடுத்தவுடன் வெட்டாதீர்கள். மடிப்புத் தடத்தோடு வெட்டினால் அளவு தவறும், தடம் மேல்துணியில் பள்ளமாகத் தெரியும். முதல்நாள் இரவே கட்டிலில் விரித்துவிடுங்கள். பருத்திக்கு மடிப்பு மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துத் தடவிக் காயவிடலாம், நீராவி இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் அரை அங்குலம் மேலே பிடித்தும் ஓட்டலாம். பாலியெஸ்டருக்கு இஸ்திரியே ஆகாது. ஒரு தடவை சூடு பட்ட இடம் அப்பளமாகத் தட்டையாகிவிடும், பிறகு எழும்பாது. கொடியில் தொங்கவிட்டு மடிப்பு எடுப்பது எல்லாவற்றையும்விட மோசம், தன் எடையிலேயே நீண்டுபோகும்.

சுருக்கமே வேண்டாம் என்றால் பருத்தி விரிப்பை ஊறவைக்கலாம், ஆனால் உறையில் அதற்கு அனுமதி இருக்க வேண்டும், அல்லது சிறு துண்டை ஊறவைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஊசியால் குத்திப் பிணைத்ததே இதைத் தாங்கும். பெரிய டப்பில் வெதுவெதுப்பான நீர், சோப்பு வேண்டாம். விரிப்பை விசிறி மடிப்பாக மடித்து அழுத்தி மூழ்கவையுங்கள். 20 நிமிடம். கசக்கக் கூடாது, பிழியக் கூடாது, ஈரத்தில் தூக்கவும் கூடாது. தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு பழைய வேட்டியைக் கீழே கொடுத்து, வேட்டியோடு சேர்த்துத் தூக்குங்கள். மெஷினில் ஸ்பின் மட்டும் ஓட்டலாம், குலுக்கித் துவைக்கும் ஓட்டம் கூடாது. மொட்டை மாடியில் பாய் மேல் விரித்து, மேலே ஒரு துணி மூடிக் காயவிடுங்கள். பசையால் ஒட்டிய விரிப்புக்கும் கம்பளிக்கும் இந்த வேலை வேண்டாம்.

துண்டுகளை இணைப்பது

ரோலின் அகலம் குவில்ட்டுக்குப் போதாமல் போவது சாதாரணம். இணைக்கும்போது நடக்கும் தவறும் எப்போதும் ஒன்றுதான்: இரண்டு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைப்பது. அங்கே பஞ்சு இரட்டிப்பாகி முதுகெலும்புபோல ஒரு மேடு நிற்கும், எத்தனை துவைத்தாலும் போகாது.

ஒரே சரக்கின் இரண்டு துண்டுகளையும் ஒரே பக்கம் மேலே இருக்கும்படி, ஒரே திசையில் வையுங்கள். சுமார் 4 அங்குலம் ஏற்றி வைத்து, அந்த ஏறிய பட்டைக்குள் கத்தரியை நேராக விடாமல் ஆற்று வளைவுபோல மெதுவாக வளைத்து, இரண்டு அடுக்கையும் ஒரே வெட்டில் வெட்டுங்கள். வளைவின் ஆழம் ஒன்றரை அங்குலம் போதும். மேல் கழிவையும் கீழ்க் கழிவையும் உருவி எடுத்தால் இரண்டு ஓரங்களும் பல்லும் ஈறும்போலப் பொருந்தி உட்காரும். நேர்கோட்டு இணைப்பு துவைத்தபின் கோடாகத் தெரியும், வளைந்த இணைப்பைக் கண் தேடினாலும் பிடிக்க முடியாது.

இனி ஓரங்களைத் தொட்டும் தொடாமலும் வைத்து, இரட்டை நூல் கோக்காமல் ஒற்றை நூலில் ஹெர்ரிங்போன் தையல்: இந்தக் கரையில் அரை அங்குலம் உள்ளே ஒரு சின்னக் கவ்வல், சாய்ந்து அந்தக் கரைக்குப் போய் ஒரு கவ்வல். அரை அங்குலத்துக்கு ஒன்று. நூலை இழுத்து இறுக்கினால் மேடு எழும்பும், தளர்த்தினால் நடுவே பிளவு. இணைப்பின் மேல் உள்ளங்கையைத் தடவினால் எந்த வேறுபாடும் தட்டுப்படக் கூடாது, அதுதான் அளவு. ஜிக்ஜாக் வசதியுள்ள மெஷின் இருந்தால் அகலத்தை மிக அதிகமாக, நீளத்தை 3 மில்லிமீட்டராக வைத்து, பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். நேர்த்தையல் மட்டும் போடும் கறுப்பு மெஷினில் இதற்கு முயல வேண்டாம், கையே மேல்.

வெட்டி, அடுக்கி, பிடித்து வைப்பது

மேல்துணி 60 × 84 என்றால் பஞ்சு ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக 66 × 90, அடித்துணி 4 அங்குலம் கூடுதலாக 68 × 92. தைக்கத் தைக்க மேல்துணி வெளிப்பக்கமாக நகரும், பஞ்சு உள்ளே வாங்கும். ஓரத்தில் பஞ்சு போதாமல் போனால் ஒட்டுப்போடுவதைத் தவிர வழியில்லை.

டைல்ஸ் தரை இருந்தால் பாதி வேலை மிச்சம். இரண்டடி டைல்ஸின் இடைக்கோடுகளே செங்கோணம் காட்டிவிடும். ஃபேனை நிறுத்துங்கள். அடித்துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, சுருக்கம் இல்லாமல், அதே சமயம் மேளம்போல இழுக்காமல், மாஸ்கிங் டேப்பால் தரையில் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கி, பஞ்சு அலை அலையாக எழும்பும்.

அடுத்துப் பஞ்சு. எந்தப் பக்கம் மேலே? ஊசியால் குத்திய விரிப்பை விரலால் தடவினால் ஒரு பக்கம் குழி குழியாகவும் மறுபக்கம் சின்ன உருண்டைகளோடும் இருக்கும். குழி, ஊசி உள்ளே போன பக்கம். அது மேல்துணியைப் பார்க்க வேண்டும். உங்கள் மெஷின் ஊசியும் அதே திசையில் இறங்கும்போது இழைகள் போன வழியிலேயே போகும், எதிர்த்துக்கொண்டு மேலே வராது. வலை வைத்ததில் வலைப்பக்கம் அடித்துணிக்கு. பஞ்சை நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தட்டிப் பரப்புங்கள், இழுக்க வேண்டாம். பருத்தி விதைத் துணுக்கு, நூல் துண்டு, தலைமுடி ஏதாவது கிடக்கிறதா என்று இப்போதே பொறுக்கிவிடுங்கள். வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரு சிவப்பு நூல் மாட்டிக்கொண்டால் பிறகு எடுக்க முடியாது.

மேல்துணியை அதன்மேல் விரித்து, நடுவிலிருந்து தொடங்கி 4 அங்குலத்துக்கு ஒரு ஊக்கு. நம் அளவுக்கு ஏறத்தாழ 300 ஊக்கு ஆகும், முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த ஊக்கு கிடைத்தால் நல்லது. எல்லாவற்றையும் குத்தி முடித்தபிறகு மொத்தமாக மூடுங்கள். ஊக்கு இல்லையென்றால் வெள்ளை நூலில் ஒன்றரை அங்குலத் தையலாக, 4 அங்குலக் கட்டமாக ஓட்டுங்கள். இடது கையில் ஒரு ஸ்பூன் வைத்துக்கொண்டால், தரையைத் தொட்டு மேலே வரும் ஊசி முனையை அதன் விளிம்பால் தூக்கலாம், விரல் நுனி தப்பிக்கும். நிறம் போகும் நூலை வைத்தால் துளையில் கறை தங்கும்.

தைக்கும்போது கெடுவது

பழைய மெஷினில் பாதத்தின் அழுத்தத் திருகை இரண்டு சுற்று தளர்த்துங்கள். இல்லையென்றால் பாதம் மேல்துணியை முன்னால் தள்ளிக்கொண்டே போய், ஓரத்தில் மடிப்பாகக் குவிக்கும். வாக்கிங் ஃபுட், அதாவது எல்லா அடுக்குகளையும் ஒரே சீராக நகர்த்தும் பாதம், பொருந்தும் மெஷின் என்றால் அதை மாட்டுங்கள். 14-ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 8 தையல். நடுக்கோட்டில் தொடங்கி வெளியே போங்கள்.

வெள்ளை மயிர் வெளியே வருவதற்குக் காரணங்கள் பல. மேல்துணி நெருக்கமில்லாத நெசவு, மழுங்கிய ஊசி, பாலியெஸ்டரின் நிலைமின்சாரம், பஞ்சைத் தலைகீழாக வைத்தது. வந்த இழையைப் பிடுங்காதீர்கள், ஒன்றைப் பிடுங்கினால் பின்னாலேயே இன்னொன்று வரும். துணியைக் கிள்ளி மேலே தூக்கினால் இழை உள்ளே போய்விடும். தொங்குவதை ஒட்டக் கத்தரிக்கலாம். கறுப்பு, கருநீலத் துணிக்குக் கறுப்புப் பஞ்சே வாங்கிவிடுவது சுலபம்.

முதல் துவைப்பில் அடர் சிவப்பு சாயம் விட்டால் வெள்ளைப் பஞ்சு அதை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே போய் எதுவும் செய்ய முடியாது. சாயம் போகும் துணிகளை மட்டுமாவது வெட்டுவதற்கு முன்பே அலசிவிடுங்கள். காயவைக்கும்போது ஒற்றைக் கொடியில் ஓரத்தைக் கிளிப் போட்டுத் தொங்கவிடாமல், பக்கத்துப் பக்கத்துக் கொடிகள் இரண்டில் தொட்டில்போலப் போடுங்கள். ஈரப் பருத்தியின் எடை முழுவதும் ஒரே தையல் வரிசையில் விழுந்தால் நூல் அறுந்துபோகும்.

மிச்சப் பஞ்சைச் சுருட்டி வைக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் அதன் பெயர், ஜிஎஸ்எம், தாங்கும் இடைவெளி, சோதனைச் சதுரத்தின் சுருக்கம் நான்கையும் எழுதி ஊக்கு குத்திவிடுங்கள். அடுத்த குவில்ட்டில் வேறு சரக்கோடு சேர்த்து இணைக்கத் தோன்றும்போது அந்தச் சீட்டு தடுக்கும். 1 சதவீதம் சுருங்குவதையும் 5 சதவீதம் சுருங்குவதையும் பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஒரு பாதி சுருங்கி மறுபாதி தொங்கும்.